எஃப்4 தள்ளும் முன்

அன்புள்ள கண்ணு,

ஓசூர் சதுரங்கப் போட்டியில் வெள்ளைக் காய் கிடைத்தால் கிங்ஸ் கேம்பிட்தான், அதாவது எஃப்4 சிப்பாயைப் பலியாக நீட்டும் தொடக்கம்தான் என்று சொன்னாய். தாராளமாக ஆடு. ஆளுக்கு 15 நிமிட ஆட்டத்தில் எதிராளியைத் திணறடிக்கும். ஆனால் நீ இ4, கறுப்பு இ5, நீ எஃப்4 என்று சிப்பாய்களைத் தள்ளியதுமே ஹெச்4-இலிருந்து உன் ராஜாவுக்குக் குறுக்கே ஒரு வழி திறந்துவிடுகிறது. அதை மறக்காதே.

கறுப்பு எஃப்4-ஐ வெட்டாமல் மந்திரியை (பிஷப்) சி5-இல் வைக்கலாம். இ5 சிப்பாய் சும்மா நிற்கிறதே என்று நீ வெட்டினால், கறுப்பு ராணி ஹெச்4-இல் செக். ராஜாவை இ2-க்கு நகர்த்தினால் ராணி இ4-ஐ வெட்டி மேட்! ஜி3 தள்ளி மறித்தாலும் அதே இ4-இல் செக், கூடவே ஹெச்1 யானை போச்சு. அங்கே குதிரையை எஃப்3-க்கு எடு. கறுப்பு டி5 தள்ளினாலும் இ5-ஐத் தொடாதே, டி5-ஐ வெட்டு.

கறுப்பு எஃப்4-ஐ வெட்டினால் அப்போதும் உன் குதிரை எஃப்3தான். அந்த ஹெச்4 செக்கைத் தடுக்கத்தான். 1851-இல் லண்டனில் ஆண்டர்சன் மந்திரியை சி4-க்கு எடுத்து, செக்கை வாங்கிக்கொண்டே கீசெரிட்ஸ்கியை ஜெயித்தார். அற்புதமான ஆட்டம், ஆனால் ராஜாவை நகர்த்துவதால் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் மாற்றி வைப்பது) போய்விடும். உனக்கு இப்போது வேண்டாம்.

அடுத்து கறுப்பு ஜி5 தள்ளினால் உடனே ஹெச்4. ஒரு நகர்வுகூடத் தள்ளிப்போடாதே. இப்போது அது ஹெச்6 தள்ளித் தாங்கினால், நீ ஜி5-ஐ வெட்டு. அது திருப்பி வெட்டினால் ஹெச் வரிசை திறந்து உன் யானை ஹெச்8 யானையைச் சும்மா எடுக்கும். நீ தாமதித்து, கறுப்பு மந்திரி முதலிலேயே ஜி7-க்கு வந்துவிட்டால் அந்த ஹெச்8 யானைக்குக் காவல் கிடைத்துவிடும், உன் அடி வீண். எஃப்6 தள்ளித் தாங்கினால் குதிரையாலேயே ஜி5-ஐ வெட்டு. சிப்பாய் குதிரையை எடுத்தால் உன் ராணி ஹெச்5 செக். கறுப்பு ராஜா இ7-க்கு வெளியே வந்தே ஆகவேண்டும். கறுப்பு ஜி4 தள்ளினால் உன் குதிரை இ5-க்குப் போகட்டும்.

1960-இல் மார் டெல் பிளாட்டாவில் ஸ்பாஸ்கி இப்படித்தான் பிஷரை வென்றார். மறு வருடமே பிஷர் இதற்கு மாற்று எழுதினார்: கறுப்பு மூன்றாவது நகர்வில், ஜி5-க்குப் பதில், டி6. அந்தச் சிப்பாய் இ5-ஐக் காப்பதால் உன் குதிரைக்கு அங்கே இடமில்லை. டி4, ஜி5, ஹெச்4, ஜி4 என்று வந்தால் குதிரையை ஜி1-க்கே திருப்பிவிடு. பின்வாங்குகிறோமே என்று கூச்சப்படாதே. கறுப்பின் ராஜா பக்கம் கலைந்துவிட்டது, எஃப்4 சிப்பாய்க்குத் துணைச் சிப்பாய் இல்லை. குதிரையை இ2-க்குக் கொண்டுவந்து அதை அடி.

இந்த டி6 வரிசையைத்தான் நீ இன்னும் பழகவில்லை. சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணு, நான் கறுப்பு ஆடுகிறேன்.

அன்புடன்,
அப்பா
தர்மபுரி