கோமெலில் இருந்து வரும் பிள்ளைகள்

12 ஜூன் 2010

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பெலாரஸின் கோமெல் பகுதியிலிருந்து 12 பிள்ளைகள் இம்முறையும் நான்கு வாரம் லண்டனில் தங்க வருகிறார்கள். ஜூலை 10, சனிக்கிழமை, முழுநாளும் நம் பள்ளியில் இருப்பார்கள்.

"செர்னோபில் வெடித்து 24 வருடமாயிற்றே, இவர்கள் அப்போது பிறக்கவே இல்லையே" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது உக்ரைனில். ஆனால் காற்று பெருமளவு நஞ்சைக் கொண்டுபோய்க் கொட்டியது எல்லைக்கு அப்பால், பெலாரஸில். அதிலிருந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் வேண்டும். மண்ணிலிருந்து காளானுக்கும் காட்டுப் பழத்துக்கும் மாட்டுப்பாலுக்கும் அது இன்னும் ஏறுகிறது. சில கிழமைகள் சுத்தமான உணவு உண்டால் உடம்பில் சேர்ந்தது மெல்ல வெளியேறும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு விரைவாக.

கடந்த வருடம் ஒரு தாய் தோட்டத்தில் பிடுங்கிய ஸ்ட்ரோபெரி கொண்டுவந்தார். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டாள். "இதை அளந்து பார்த்தாயிற்றா?" என்பதுதான் கேள்வி. இங்கே அளக்கத் தேவையில்லை என்று சொன்ன பிறகுதான் வாயில் வைத்தாள்.

இன்னொன்று. இவர்களோடு விளையாடினால் ஒன்றும் ஆகாது. அவர்கள் உடம்பில் சேர்ந்தது தடிமன் காய்ச்சல்போலத் தொற்றாது. தயவுசெய்து அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் மறித்து வைக்காதீர்கள்.

உலைக்கு அருகே இருந்த பிரிப்யாட் நகரத்தாரிடம் மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் எடுக்கச் சொல்லித்தான் பேருந்தில் ஏற்றினார்கள். அவர்கள் திரும்பிக் குடியேறவே இல்லை. 1995இல் போரால் ஊரைவிட்டு யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து நடந்தவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

போன தடவை சேர்ந்த பைகளில் பாதி, பொத்தான் போன சட்டைகள். எனக்கே வெட்கமாக இருந்தது. இம்முறை பழையது வேண்டாம். புதுச் சப்பாத்து, பற்பசை, பற்றூரிகை, பிள்ளைகளுக்கான விட்டமின் குளிசை (உறை பிரிக்காதது) போதும். பணமாகத் தருவோர் 5 பவுண் தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. ஜூலை 3க்குள் அலுவலகத்தில் கொடுங்கள். பல் வைத்தியர்களாக இருக்கும் பெற்றோர் ஒரு மாலை ஒதுக்க முடியுமானால் என்னோடு பேசுங்கள். பணத்தைவிட அது பெரிய உதவி.

மதியச் சாப்பாடு கொண்டுவருவோருக்கு: இடியப்பமும் சொதியும் அவர்களுக்கு நன்றாகப் பிடித்திருந்தது. சம்பல் வேண்டாம். போன முறை ஒரு பையன் அழுதுவிட்டான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்