கரையைக் கடக்கும் நேரத்தைக் கேட்காதே

சிங்கப்பூர், ஈசூன்

அன்புள்ள கணேசா,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு வழக்கமான திட்டைத் திட்டிவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் சுகம். தேக்காவில் தீபாவளி விளக்குப் போட்டாச்சு. குடைக்காரரைப் பார்த்தேன், இன்னும் அதே குடைதான்.

நாகையில் புயல் வந்தால் சனங்களை முகாமுக்குக் கொண்டுபோக நீ போட்ட திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். அரிசி, ஜெனரேட்டர், மரம் அறுக்கிற மெஷின், ஒன்றிலும் குறை இல்லை. ஆனால் எல்லாக் கணக்கையும் "கரையைக் கடக்கும் நேரத்திலிருந்து" பின்னால் எண்ணியிருக்கிறாய் பார், அங்கேதான் கோளாறு. கரையைக் கடப்பது புயலின் மையம். காற்று அதற்கு எவ்வளவோ முன்னாடியே வந்து நிற்கும். மணிக்கு 63 கிலோமீட்டரைத் தொட்டால் உன் பஸ்ஸும் படகும் நின்றாக வேண்டும்.

மையம் இரவு 2 மணிக்கு வருகிறது என்று வை. 63 காற்று 8 மணி நேரம் முந்தி வந்தால் மாலை 6. சனங்களை முகாமில் சேர்க்க 10 மணி நேரம் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் முதல் பஸ் காலை 8க்குக் கிளம்பணும். கையெழுத்து, தண்டோரா, டிரைவரைத் தேடுவது எல்லாம் 2 மணி நேரம். ஆக உத்தரவு விடியற்காலை 6க்கு. உன் தாளில் மதியம் 2! கிழவிகளை இருட்டில், கொட்டுகிற மழையில் ஏற்றப் போகிறாயா?

அதனால் வானிலைக்காரரிடம் "எப்போ கரையைக் கடக்கும்?" என்று கேட்காதே. "63 காற்று எங்களுக்குச் சீக்கிரம்னா எத்தனை மணிக்கு?" என்று கேள். அந்தச் "சீக்கிரம்னா" முக்கியம்டா. அவர் கேட்டதற்குத்தான் பதில் சொல்வார். உனக்கு 10 மணி நேரம் வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நீதான் சொல்லணும், அதுவும் இப்போதே, புயல் சின்னம் உருவாவதற்கு முன்பே. அமெரிக்காவின் சூறாவளி மையம் இந்தக் காற்று வந்து சேரும் நேரத்துக்கென்றே 2018 முதல் தனி வரைபடம் போடுகிறது.

வானிலைக்காரர் போனில் சொன்னதை உன் ஆளை அப்படியே திருப்பிச் சொல்லச் சொல். "1800 யூ.டி.சி" (உலகப் பொது நேரம்) என்பதை நம்மூர் மாலை 6 என்று எழுதிக்கொள்கிற ஆள் உன் கன்ட்ரோல் ரூமிலும் இருப்பான், இந்தியாவில் அது இரவு 11.30. 60 நாட் (கடல்காரர்களின் வேக அளவு) என்றால் மணிக்கு 111 கிலோமீட்டர். காற்றின் வேகத்துக்கு இந்திய வானிலைத் துறை 3 நிமிடச் சராசரி எடுக்கும், அமெரிக்கக் கடற்படை 1 நிமிடச் சராசரி. ஒரே புயலுக்கு அமெரிக்கர்கள் எண் பெரிதாகத் தெரிந்தால் வாட்ஸாப்பில் அலறாதே.

இன்னொன்று கொஞ்சம் சீரியஸ். 2013இல் ஹையான் புயல் வந்தபோது பிலிப்பைன்ஸின் டாக்லோபான் நகரத்தில் எச்சரிக்கை சொல்லாமல் இல்லை. "ஸ்டார்ம் சர்ஜ்" என்றார்கள், அதாவது புயல் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும் கடல் தண்ணீர், பலருக்குப் புரியவில்லை. சுனாமி மாதிரி என்றிருந்தால் ஓடியிருப்போம் என்றார்கள் பிழைத்தவர்கள். நீயோ "கடல் 1 மீட்டர் எழும்பும்" என்று நோட்டீஸ் அடித்திருக்கிறாய். எங்கேயிருந்து 1 மீட்டர்? அன்றைக்கு இருக்கிற ஓதத்துக்கு (கடல் ஏற்றவற்றத்துக்கு) மேலே. அலை அதற்கும் மேலே. உன் தெரு கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று யாருக்குத் தெரியும்? சர்வேயரைக் கூட்டிப்போய் மாரியம்மன் கோவில் படியில் சிவப்புப் பெயின்ட் கோடு போடு. "தண்ணி மூணாம் படிக்கு வரும்" என்று சொன்னால் உங்கள் அப்பாவே மூட்டை கட்டிவிடுவார்.

"உனக்கென்ன, புயலே வராத ஊர்" என்று எழுதியிருந்தாயே? 2001 டிசம்பர் 27, வாமெய் புயல். நிலநடுக்கோட்டுக்கு 200 கிலோமீட்டருக்குள் உருவாகி, பக்கத்தில் மலேசியாவின் ஜோகூரில் கரையேறியது.

படி எத்தனை, ஒரு படி எத்தனை இன்ச், அளந்து எழுது.

உன்,
அரைக்கால் சட்டை