வண்டி கவிழ்ந்து காலொடிந்த கப்பல்காரர்

அன்புள்ள செந்தில்,

முழங்கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். இனி கப்பல் வேலை ஆகாது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னாள். போனில் இதைப் பேச எனக்கு வராது.

போன வாரம் மாத்யூ மோரி என்பவரைப் பற்றிப் படித்தேன். 1806-ல் வர்ஜீனியாவில் பிறந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அவருடைய அண்ணன் கடற்படைக்குப் போய் மஞ்சள் காய்ச்சலில் இறந்திருந்தான். அதனால் 1825-ல் இவர் சேரக் கிளம்பியபோது அப்பா ஆசீர்வாதம் தரவில்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நீ மும்பைக்கு ரயிலேறிய அன்று நான் ஸ்டேஷனுக்கு வராதது உனக்கு மறந்திருக்காது.

வின்சென்ஸ் கப்பலில் உலகைச் சுற்றி வந்த மனுஷர், 1839-ல் ஒஹாயோவில் குதிரை வண்டி கவிழ்ந்து வலது காலை முறித்துக்கொண்டார். பிறகு நொண்டல்தான். 1842-ல் வாஷிங்டனில் கடற்படையின் வரைபடக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அங்கே கப்பல்களின் பழைய லாக் புக்குகள், பயணக் குறிப்பேடுகள், குவிந்து கிடந்தன. எந்த மாதம், எந்த இடத்தில், எந்தக் காற்று, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தது என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். 1847-ல் காற்று, நீரோட்ட வரைபடம் வந்தது. கேப்டன்களுக்கு இலவசம்; பதிலுக்குத் தங்கள் பயணக் குறிப்பை அனுப்ப வேண்டும். பிரேசில் முனையில் நீரோட்டம் இழுத்துவிடும் என்று பயந்து எல்லோரும் கிழக்கே சுற்றிப் போன காலம் அது. கரையை ஒட்டியே போகலாம் என்றார் இவர். கேட்டுப் போன ஒரு பால்டிமோர் கப்பல், 55 நாள் பிடிக்கும் ரியோ பயணத்தை 38 நாளில் முடித்தது.

உத்தமர் என்று சொல்ல மாட்டேன். 1861-ல் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களோடு சேர்ந்துகொண்டு, அவர்களுக்காகக் கடல் கண்ணிவெடிகள் செய்தார். ரிச்மண்டில் இருந்த அவர் சிலையை 2020-ல் இறக்கிவிட்டார்கள். இறக்கியது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

உன் கப்பல் டைரிகள் இரண்டு பெட்டி பரணில் இருக்கின்றன. அம்மா பழைய பேப்பர்காரரிடம் போடப் பார்த்தாள், விடவில்லை. கரையான் வராமல் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தால் கோச் நம்பரைச் சொல். பெட்டியைத் தூக்க நான் வந்து நிற்கிறேன்.

அப்பா