ஹெவிவெயிட்டை மேலும் வெட்டாதீர்கள்

டபிள்யூ.பி.சி., டபிள்யூ.பி.ஏ., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று உலகப் பட்டம் கொடுக்கிற நான்கு குத்துச்சண்டை அமைப்புகளையும் நடத்துகிற ஐயாமாருக்கு,

வணக்கம். மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். இந்த ஊர் எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது, பரவாயில்லை. ரியாத்தில் நீங்கள் வைக்கிற சண்டையை விடியப்புறம் எழும்பி ஃபோனில் பார்த்துவிட்டு, பிறகு தேத்தண்ணிக் கடையில் மத்தியானம் வரைக்கும் அதைப் பற்றியே கதைக்கிற ஆட்கள் இங்கேயும் இருக்கிறோம். பெரிய உடம்புக்காரர்களின் ஹெவிவெயிட்டை வெட்டி இன்னொரு எடைப்பிரிவு வேண்டும் என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை. வேண்டாம் என்கிறேன். ஏற்கெனவே போட்ட பிரிட்ஜர்வெயிட்டையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். 105 இறாத்தலில் (பவுண்டில்) தொடங்கி 200 இறாத்தல் வரைக்கும் 16 பிரிவுகள். கீழே 105க்கும் 108க்கும் நடுவில் மூன்றே மூன்று இறாத்தலுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள், ஆனால் 200க்கு மேலே போனால் ஹெவிவெயிட், அதற்கு மேல் எல்லையே கிடையாது, 205 இறாத்தல்காரனும் 280 இறாத்தல்காரனும் ஒரே வளையத்துக்குள். 2024 டிசம்பரில் நடந்த ஹெவிவெயிட் பட்டச் சண்டையில் உசிக் 226, டைசன் ஃபியூரி 281. வித்தியாசம் 55 இறாத்தல், அதாவது 25 கிலோ, கடையில் விற்கிற அரிசி மூட்டை ஒன்று. சரி, என்ன நடந்தது? மூன்று நடுவர்களும் 116-112 என்று உசிக்குக்கே கொடுத்தார்கள். அந்த மூட்டையைப் பன்னிரண்டு சுற்றும் சுமந்து திரிந்தது ஃபியூரிதான்.

அதே இருவரின் அதற்கு முந்தைய சண்டையை, அதே வருடம் மே மாதத்தில் நடந்ததை, இன்னும் கவனமாகப் பாருங்கள். உசிக் அன்று 223.5 இறாத்தல். டபிள்யூ.பி.சி. 2020இல் புதிதாகத் திறந்த பிரிட்ஜர்வெயிட் 200இலிருந்து 224 வரைக்கும். அதாவது, பாவம் சின்ன ஹெவிவெயிட்கள், அவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்காகப் பிரிவு திறந்தீர்களோ அந்த அளவு உடம்போடு வந்த மனிதர் நான்கு பட்டங்களையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போய்விட்டார். டபிள்யூ.பி.சி. ஐயாமாருக்கு இது புதுக்கதையும் இல்லை, 2015இலிருந்து 2020 வரை உங்கள் பட்டத்தை வைத்திருந்த வைல்டர் 2018 டிசம்பரில் ஃபியூரியோடு சமநிலையில் முடித்தபோது 212.5 இறாத்தல்தான். 2009இல் டேவிட் ஹே தன்னைவிடப் பெரிய வாலுவேவை வென்றபோது இருந்த வித்தியாசம் கிட்டத்தட்ட 100 இறாத்தல்.

இவர்களெல்லாம் அபூர்வப் பிறவிகள், சாதாரண 210 இறாத்தல்காரன் என்ன செய்வான் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அவனுக்குப் பட்டம் கிடைக்காமல் போகலாம். எல்லோருக்கும் ஒரு பட்டம் கிடைக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஹெவிவெயிட்டுக்குக் கீழே இருக்கிற க்ரூஸர்வெயிட்டையும் இதே நியாயம் சொல்லித்தான் 1980 வாக்கில் கொண்டுவந்தீர்கள். அப்போது எல்லை 190, பிறகு 2003இல் 200. நல்ல பிரிவு, நல்ல சண்டைகள், ஆனால் காசு மேலேதான் இருக்கிறது. ஹோலிஃபீல்ட், ஹே, உசிக் எல்லோரும் அங்கே வென்ற கையோடு ஹெவிவெயிட்டுக்கு ஏறிவிட்டார்கள். பிரிட்ஜர்வெயிட்டில் அந்தக் காத்திருப்புக்கூட இல்லை. லாரன்ஸ் ஒகோலி 2024 மே மாதத்தில் பட்டத்தை எடுத்தார், அதே வருடம் டிசம்பரில் ஹெவிவெயிட்டில் நின்றார். ஐ.பி.எஃப்.பும் டபிள்யூ.பி.ஓ.வும் இந்தப் பிரிவைத் தொடாமல் விட்டதற்குக் காரணம் எதுவாக இருந்தாலும் நல்ல காரியம்.

இதெல்லாம் பட்டக் கணக்கு. என்னை உறுத்துவது வேறொன்று. ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்குள் வருவதற்காக மனிதன் தன்னைக் காயப்போடத் தொடங்கிவிடுவான். எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் கல்லடிக் கடற்கரைக்கு வந்து பாருங்கள், உச்சி வெயிலில் ரெயின்கோட்டைப் போட்டு, கழுத்து வரைக்கும் பூட்டிக்கொண்டு மணலில் ஓடுகிற பொடியன் ஒருவனாவது இருப்பான். 60 கிலோவுக்குள் வர வேண்டும். ஓடி முடித்துக் கையைக் கீழே தொங்கவிட்டால் ரெயின்கோட்டின் கைக்குள்ளிருந்து வியர்வை தண்ணீராகக் கொட்டும். பிறகு வாயில் எதையாவது போட்டு மென்று துப்பிக்கொண்டே இருப்பான், எச்சிலும் நிறைதானே. நிறை பார்க்கிற அன்று காலையில் இப்படியான பொடியன்கள் உதடு வெடித்து, ஒருவரோடொருவர் பேசாமல் சுவரில் சாய்ந்திருப்பார்கள். அதே மண்டபத்தில் மேல் எல்லையே இல்லாத பிரிவுக்கு வந்திருக்கிற தம்பி மட்டும் புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் முன்னால் விரித்து வைத்துச் சாப்பிடுவான். அவனைப் பார்த்துக் கோபப்படாத ஆளில்லை. பெரும்பாலும் எதிராளியும் இருக்காது, நடந்து போய்ப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு வருவான், அது வேறு கதை. ஆனால் அந்த மண்டபத்தில் உடம்பில் தண்ணீரோடு அடி வாங்கப் போகிறவன் அவன் ஒருவன்தான்.

உங்கள் ஹெவிவெயிட்டும் அப்படித்தான். தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒருவன் பட்டினி கிடக்காமல் தராசில் ஏறக்கூடிய ஒரே இடம் அது. அங்கே 224 என்று ஒரு கோட்டை இழுத்தால், 240 இறாத்தல்காரன் 16 இறாத்தலை வற்றவைத்து இறங்கி வருவான், உங்களிடம் நிறை பார்ப்பது சண்டைக்கு முந்தைய நாள் என்பதால் இரவோடு இரவாகத் திரும்ப ஏற்றிக்கொண்டு வளையத்துக்குள் வருவான். பாதுகாப்பு என்று திறந்த பிரிவில், உண்மையான 205 இறாத்தல்காரனுக்கு எதிரே கடைசியில் நிற்பது அதே பெரிய ஆள்தான், தண்ணீர் வற்றிய மூளையோடு. யாருக்கு என்ன லாபம்? உங்களுக்கு இருக்கிறது, அது தெரியும், ஒவ்வொரு பட்டச் சண்டைக்கும் வீரரின் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு உங்களுக்கு வந்துவிடுகிறதே.

பெரிய ஆட்கள் மேல் உண்மையிலேயே அக்கறை என்றால் செய்வதற்கு வேலை இருக்கிறது. ஒருவருக்கொருவர் ஈடுகொடுக்கவே முடியாத இருவரின் சண்டைக்குப் பட்ட அங்கீகாரம் கொடுக்காதீர்கள், அது 20 இறாத்தல் வித்தியாசமாக இருந்தாலும் சரி, வித்தியாசமே இல்லாவிட்டாலும் சரி. எல்லை உள்ள பிரிவுகளில் ஐ.பி.எஃப். ஒரு விதி கொண்டுவந்தது: சண்டை நாள் காலையிலும் ஒருமுறை நிறை பார்ப்பது, எல்லைக்கு மேல் 10 இறாத்தலுக்கு அதிகமாக ஏறியிருக்கக்கூடாது. நான்கு பேரும் அதைச் செய்வதில் என்ன கஷ்டம்?

பிரிட்ஜர்வெயிட்டை எடுத்தால் அந்தச் சிறுவனின் பெயர் என்னாவது என்று டபிள்யூ.பி.சி. யோசிக்கக்கூடும். வயோமிங்கில் நாயிடமிருந்து தங்கச்சியைக் காப்பாற்ற முன்னால் போய் நின்று முகம் கிழிபட்ட ஆறு வயதுப் பிள்ளை பிரிட்ஜர் வாக்கர், அவன் பெயரை வைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் யாரும் தங்கியிருக்க விரும்பாத பிரிவுக்கு எதற்கு அந்தப் பெயர்? வருடத்துக்கொரு முறை, அடி தாங்க முடியாமல் நிற்கிற தன் வீரனைக் காப்பாற்றத் துவாயை எறிந்து சண்டையை நிறுத்துகிற பயிற்றுநர் ஒருவருக்கு அவன் பெயரில் ஒரு விருது கொடுங்கள்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு ரசிகன்