தாத்தாவின் கைத் தழும்பும் அறிவியல் பாடம்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யுனெஸ்கோ 2001ல் அறிவித்த 'அமைதிக்கும் வளர்ச்சிக்குமான உலக அறிவியல் நாள்' ஆண்டுதோறும் நவம்பர் 10ஆம் தேதி வருகிறது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் அமைதியைப் பற்றி என்ன பேசுவது என்று சக ஆசிரியைகள் சிலர் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம். பாலர் பள்ளியில் பேசாவிட்டால் பிறகு நேரம் கிடைக்காது. தொடக்கநிலை மூன்றில் அறிவியல் ஒரு பாடமாகிவிடும். துணைப்பாட வகுப்பு, பயிற்சித் தாள், விடையில் கட்டாயம் வரவேண்டிய சொற்கள் என்று ஓட்டம் ஆரம்பித்துவிடும். நீர் எப்படி ஆவியாகிறது என்று பிழையின்றி எழுதும் பிள்ளைக்கு, அந்த அறிவு யாருக்கு உதவுகிறது என்று யோசிக்க அவகாசம் இராது.

நம் வீட்டுத் தண்ணீரிலிருந்தே தொடங்கலாம். சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தை பஸ்ஸில் கடக்கும்போது ஓரமாக நீளும் பெரிய குழாய்களைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை நாம் எடுக்கலாம். சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர் நம்மிடம் வாங்கிக்கொள்கிறது. விலை குறித்து வாக்குவாதங்களும் நடந்ததுண்டு. 2003ல் நியூவாட்டர் அறிமுகமானது. பயன்படுத்திய நீரையே மிக நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தி, புற ஊதாக் கதிர் பாய்ச்சித் தூய்மையாக்கினோம். தண்ணீருக்கு வேறு வழியும் உண்டு என்றான பிறகு, அண்டை வீட்டாரோடு பதற்றமில்லாமல் பேச முடிகிறது.

இது சிறுவர்களுக்குப் புரியாத விஷயமல்ல. என் வகுப்பில், வெட்டிய பிளாஸ்டிக் போத்தலில் பஞ்சு, மணல், கூழாங்கல் அடுக்கிச் சேற்று நீரை ஊற்றினோம். அது தெளிந்து சொட்டியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். "இதைக் குடிக்கலாமா?" என்று கேட்டேன். பலர் ஆமென்று தலையாட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றிய பேச்சு அங்கே தொடங்கியது. ஒரு சிறுமி, "இன்னும் சுத்தம் செய்து பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாமே" என்றாள். நான் சொல்லிக்கொடுக்காத பாடம் அது!

வீட்டிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. தாத்தா பாட்டியரில் பலருக்கு மேல்கையில் அம்மை குத்திய, அதாவது பெரியம்மைத் தடுப்பூசி போட்ட தழும்பு உண்டு. பெரியம்மையை உலகெங்கும் ஒழிப்போம் என்று 1958ல் உலகச் சுகாதார நிறுவனத்தில் முன்மொழிந்தது சோவியத் யூனியன். அதுவும் அமெரிக்காவும் அணு ஆயுதங்களோடு முறைத்துக்கொண்டிருந்த காலம். ஆனாலும் சோவியத் யூனியன் நூறு கோடித் தவணைக்கும் அதிகமான தடுப்பு மருந்தைக் கொடுத்தது. அதைச் சிக்கனமாகச் செலுத்த உதவிய இருமுனை ஊசி அமெரிக்கக் கண்டுபிடிப்பு. 1980ல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பகைவர்கள் சேர்ந்து செய்த வேலையின் அடையாளம் தாத்தாவின் கையில் இருக்கிறது என்று சொன்னால் எந்தப் பிள்ளைதான் தொட்டுப் பார்க்க ஓடாது?

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்துக்காக, அம்மை குத்திக்கொண்ட நினைவுகளை மூத்த வாசகர்களிடம் கேட்டு வாங்கி, எளிய தமிழில், படங்களுடன் அக்டோபர் மாதத்திலேயே வெளியிட வேண்டுகிறேன். வகுப்பில் வாசித்துக் காட்ட எங்களுக்கு அது பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர்,
உட்லண்ட்ஸ்