தளபதி வரையும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

'தளபதி' சினிமாவை வைத்து நீ வரைந்து அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ரஜினியின் மூக்கு, மீசை, நெற்றியில் விழும் முடி எல்லாம் அச்சு அசல். "எல்லாம் சரியா இருக்குக்கா, ஆனா உயிர் இல்ல" என்று கீழே எழுதியிருந்தாய். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

உன் கையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த ஸ்டில்தான் உன்னைக் கட்டிப்போடுகிறது. ஸ்கிரீன்ஷாட்டை ஐபேடில் அடி லேயராகப் போட்டு அதன்மேல் கோடு இழுக்கிறாய். அந்த ஃபிரேமுக்கு ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் எப்போதோ ஒளி வைத்து முடித்துவிட்டார். உனக்கு அதில் மிச்சம் என்ன இருக்கிறது?

படம் 1991இல் வந்தது, நீ பிறப்பதற்கு முன்னால். கர்ணன் கதை என்பதால் நாயகன் பெயர் சூர்யா, அவனுக்குப் பின்னால் திரும்பத் திரும்பச் சூரியன். பிறந்ததும் கூட்ஸ் ரயிலில் விடப்பட்ட பிள்ளை அவன். இவ்வளவு கையில் இருக்க, மீசை முடியை எதற்கு எண்ணிக்கொண்டிருக்கிறாய்? எந்த இடத்தில் உனக்குத் தொண்டை அடைத்தது என்று கேட்டதற்கு, கோயிலில் ரயில் சத்தம் கேட்டு அவனைப் பெற்ற அம்மா கலங்கும் இடம் என்றாய். நீ அனுப்பியதில் ஒன்றிலாவது ரயில் இருக்கிறதா, சொல்!

1950, 60களில் போலந்து ஓவியர்கள் வெளிநாட்டுப் படங்களுக்குச் சுவரொட்டி வரைந்தபோது நட்சத்திரத்தின் முகத்தைப் போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. நம் ஊரில் அது நடக்காது என்பாய். உண்மைதான், முகம் இல்லாத ரஜினி படத்தைச் சிங்கப்பூரின் சிராங்கூன் ரோட்டில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஆனால் சென்னையின் பேனர் ஓவியர்களைப் பார். அவர்களும் ஸ்டில்மேல் கட்டம் போட்டுத்தான் பெரிதாக்கினார்கள். அப்புறம் கன்னத்தில் பச்சை, நெற்றியில் ரோஸ் என்று இஷ்டத்துக்கு அடித்தார்கள். பஸ்ஸில் போகிறவன் கண்ணிலும் படவேண்டுமே! கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் திட்டுகள்.

இங்கேயே ஒரு பாடம் இருக்கிறது. தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்களைத் திறந்து சினிமா விளம்பரங்களைத் தேடு. மை அப்பி, ஸ்கேனில் இன்னும் கறுத்து, கண் எது மூக்கு எது என்றே தெரியாத படங்கள் கிடைக்கும். அதிலும் சில முகங்களை உடனே கண்டுபிடித்துவிடுவாய். எதை வைத்துக் கண்டுபிடித்தாய் என்று குறித்து வை. தோளா, தலையைச் சாய்த்த விதமா? ஜாடை அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் போய் மலிவான நியூஸ்பிரிண்ட் பேடும் தடித்த கரிக்கோலும் வாங்கு. ஸ்டில் எதையும் திறக்காமல் அந்தக் கோயில் காட்சியை மனசிலிருந்து போடு. கறுப்பு, மஞ்சள், அவ்வளவு போதும். கெட்டால் கெடட்டும், காகிதம்தானே.

பிரிண்ட் போட்டு விற்கும் யோசனை பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தில் நியாயமான பயன்பாட்டுக்கு இடம் உண்டு. ஆனால் எதற்காக எடுத்தாய், எவ்வளவு எடுத்தாய், மூலப் படைப்பின் சந்தையை அது பாதிக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஃபேன் ஆர்ட், அதாவது ரசிகன் வரைந்த படம், என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது. சட்டம் கிடக்கட்டும், டிரேஸ் செய்த ஃபிரேமை மேசையில் அடுக்கி நீ காசு வாங்குவது எனக்கே பிடிக்கவில்லை.

தலைப்புக்கு ஃபான்ட் தேடுகிறாயாமே. வேண்டாம். 'தளபதி' நாலே எழுத்து, கையால் எழுது.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். பேடை எடுத்துக்கொண்டு வா. ஐபேட் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா