அம்மாவை வழியனுப்ப கூட நின்ன எல்லாருக்கும்

அன்பான சபை குடும்பத்துக்கும், சொந்தக்காரங்க, ஃபிரண்ட்ஸ் எல்லாருக்கும் கர்த்தருடைய நாமத்துல ஸ்தோத்திரம்.

அம்மா கர்த்தருக்குள்ள நித்திரையடைஞ்சதுல இருந்து நேர்லயும் போன்லயும் எங்க கூடவே இருந்தீங்க, தனித்தனியா நன்றி சொல்லலாம்னு உட்கார்ந்தா லிஸ்ட் போய்க்கிட்டே இருக்கு, அதான் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடல். பேர் எதுவும் போடல, போட்டா கண்டிப்பா யாரையாவது விட்ருவேன்.

முதல்ல பாஸ்டர் ஐயாவுக்கு. அடக்க ஆராதனையில 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தை எடுத்து, துக்கப்படவே கூடாதுன்னு பவுல் சொல்லல, நம்பிக்கை இல்லாத மத்தவங்க மாதிரி துக்கப்படாதீங்கன்னுதான் சொல்றாருன்னு நிறுத்தி நிதானமா சொன்னீங்க பாருங்க, அப்பதான் அப்பா வாய்விட்டு அழுதாரு. விசுவாசி அழுதா சாட்சி கெட்டுடும்னு எப்பவோ யாரோ சொன்னதை மனசுல வச்சுக்கிட்டு அதுவரைக்கும் அடக்கிக்கிட்டே இருந்திருக்காரு மனுஷன். (அப்படி சொல்றவங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா விசுவாசத்துக்காக கல்லெறிஞ்சு கொல்லப்பட்ட ஸ்தேவானை அடக்கம் பண்ணினவங்க தேவபக்தியுள்ளவங்கன்னும் அவருக்காக ரொம்ப துக்கம் கொண்டாடினாங்கன்னும் அப்போஸ்தலர் 8லயே இருக்கே, ஸ்தேவான் யார்கிட்ட போனாருன்னு அவங்களுக்கு தெரியாதா என்ன.)

ஆஸ்பத்திரியில ராத்திரி மாத்தி மாத்தி எங்க கூட முழிச்சிருந்த தம்பிங்களுக்கு, டெத் சர்டிஃபிகேட், கல்லறை ஏற்பாடுன்னு எங்களை ஒரு ஃபார்ம் கூட தொட விடாம எல்லாத்தையும் பார்த்துக்கிட்ட அண்ணனுக்கு, வீட்டு வேலையை சொல்லாமலே எடுத்து செஞ்ச அக்காங்களுக்கு ரொம்ப ரொம்ப நன்றி.

யோவான் 11ஆம் அதிகாரத்தை இப்ப திரும்ப திரும்ப வாசிச்சிட்டு இருக்கேன். ஆண்டவரே நீர் இங்க இருந்திருந்தா என் சகோதரன் செத்திருக்க மாட்டான்னு செத்துப்போன லாசருவோட சகோதரி மார்த்தாளும் சொல்றா, இன்னொரு சகோதரி மரியாளும் அதையேதான் சொல்றா. ரெண்டு பேரையும் இயேசு கோச்சுக்கல. மார்த்தாளுக்கு "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்"னு வார்த்தையை குடுக்கிறாரு, மரியாள் அழறதை பார்த்து அவரும் கண்ணீர் விடுறாரு, அதுவும் கொஞ்ச நேரத்துல லாசருவை எழுப்பப் போறோம்னு தெரிஞ்சே. எங்க வீட்டுலயும் அப்படித்தாங்க நடந்துச்சு. எனக்கு வசனம் தேவைப்பட்டுச்சு, நடுராத்திரி மெசேஜ் போட்டாலும் வசனமும் ஜெபமும் வாய்ஸ்ல அனுப்புனீங்க. அப்பாவுக்கு பேச்சே வேணாம், அவர் பக்கத்துல சும்மா உட்கார்ந்து கூட அழ ஆள் வேணும், அதுக்கும் ஆள் வந்தீங்க. யோபுவோட சிநேகிதர்கள் கூட முதல் 7 நாள் வாய் திறக்காம கூட உட்கார்ந்தப்ப நல்லாத்தான் இருந்தாங்க, பேச ஆரம்பிச்சு அவரையே குத்தம் சொன்ன அப்புறம்தான் வினை!

எங்களுக்கு வலி போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். மரணத்தை பவுல் கடைசி சத்துருன்னுதான் சொல்றாரு, சத்துருவை போய் நல்லவன்னு சொல்ல முடியாதுல்ல. ஆனா அந்த 1 கொரிந்தியர் 15லயே கிறிஸ்து மரிச்சோர்ல இருந்து எழுந்து நித்திரையடைஞ்சவங்கள்ல முதற்பலன் ஆனாருன்னு இருக்கு, முதற்பலன் வந்தாச்சுன்னா பின்னாடி மிச்ச அறுவடையும் வரணும், அம்மா அதுல இருக்காங்க. இதை நம்பித்தான் நாங்க காலையில எழுந்திருக்கிறோம்.

கடைசியா ஒண்ணு கேட்டுக்கிறேன். அப்போஸ்தலர் 9ல ஏழைங்களுக்கு நல்லது செஞ்ச தொற்காள் செத்தப்ப விதவைங்க அழுதுகிட்டே அவ தைச்சு குடுத்த துணியை எல்லாம் பேதுருகிட்ட காட்டினாங்கல்ல, அந்த மாதிரி நிறைய பேர் வந்து அம்மா உங்களுக்கு செஞ்சதை சொன்னீங்க, பாதி எங்களுக்கே தெரியாது, யாருக்கு ஃபீஸ் கட்டினாங்க யாருக்காக உபவாசம் இருந்தாங்கன்னு ஒரு வார்த்தை வீட்டுல சொன்னதில்ல. இன்னும் சொல்லாதவங்க இருந்தா ப்ளீஸ் வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க, நீளமா இருந்தாலும் பரவால்ல, அப்பா எல்லாத்தையும் கேட்கிறாரு, சிலதை ரெண்டு தடவை போட சொல்றாரு.

கிறிஸ்துவுக்குள்,
மகளும் குடும்பத்தாரும்